பின்பக்கத்தில் எழுதியிருந்தது

அந்த டேப்லெட்டை நான் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் இனி யாரும் பேசப்போவதில்லை. என் மனைவி போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பேட்டரியை முழுக்கக் காலியாக விட்டால் பிறகு உயிர் வராது என்று கடைக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு மண்டையில் உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் முதல் வேலையாக ஒயரை மாட்டுகிறேன். என் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

எங்கள் வீடு ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், பத்துக்கும் சேர்த்துத் தெருவில் ஒரு குழாய். தண்ணீர் எந்த நாள் எந்த வேளையில் வரும் என்று அதைத் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. ஆனால் என் மனைவிக்குத் தெரியும். தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும், இருமுகிற மாதிரி இரண்டு சத்தம் கேட்கும். அவள் அடுப்படியில் இருந்தாலும் அது காதில் விழுந்துவிடும். கரண்டியோடு வாசலுக்கு வந்து, "தண்ணி வந்துச்சு! ஏய், தண்ணி வந்துச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். கடைசி வீட்டில் தூங்குகிறவர் குடத்தோடு வந்து நிற்பார். சுரங்கத்துச் சைரன் நின்றுபோன ஊரில் இவள் ஒருத்தி போதும் என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் அதே குரலில் பதில் வரும், வரிசை முழுக்கக் கேட்கும், எனக்கு மானம் போகும்.

அந்தக் குரல்தான் என்னையும் எழுப்பிக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கம் மூடியபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே நான் பெல்மேன். சுரங்கத்துக்குள் நேராக இறங்குகிற ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று, ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, மணியடிக்கிற வேலை. கேஜ் போனதும் பெங்களூரில் லிஃப்ட் பராமரிக்கிற வேலைக்குப் போனேன். இருபது வருஷத்துக்கு மேலாக, விடிவதற்கு முன்பே ரயிலைப் பிடித்துப் போய் வருகிற பிழைப்பு. அலாரத்தை நான் நம்பியதே இல்லை. "ஏங்க, எழுந்திருங்க" என்று அவள் மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தொண்டையில் கரகரப்பு என்று ஆரம்பித்தது. கஷாயம், மாத்திரை, மறுபடி கஷாயம் என்று நான்கு மாதம் ஓட்டினோம். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். தொண்டையில் புற்று, குரல் பெட்டியை எடுத்தாக வேண்டும். மூச்சு இனிமேல் கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான். என் மனைவி உயிர் பிழைப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேசவே முடியாதா என்று மட்டும் கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, முடியாது என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மகள் அந்த டேப்லெட்டை வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். "நைனா, அம்மா இதுல எழுதி அமுக்கினா இது வாய்விட்டுப் பேசும். ஸ்லேட்டுல எழுதி அழிச்சிக்கினு கஷ்டப்பட வேணாம்" என்றாள். மத்தியானம் வரைக்கும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் நான் டீ வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி டேப்லெட்டை அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாம்மே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறிடப் போவுது, குடுங்க."

மறுநாளைக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள், இவள் சிரிக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எதற்கு என்று தோண்டிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் டேப்லெட்டைத் தொடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமானால் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவாள். நான் எங்கள் மணிக் கணக்கை அவளுக்குச் சொன்னேன். கேஜில் ஆள் இருந்தால் மூன்று மணி அடிப்போம். அதைக் கேட்டு, கேஜை இழுக்கிற எஞ்சின் ரூமிலிருந்து பதிலுக்கு மூன்று மணி வர வேண்டும். பதில் வராமல் கேஜை ஒரு அடிகூட அசைக்கக் கூடாது. அது முதல் அவள் மூன்று தட்டுவாள், நான் எங்கே இருந்தாலும் கதவிலோ சுவரிலோ மூன்று தட்டிவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏதோ ஆணி அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கையில் கொஞ்சம் பலம் வந்ததும் டேப்லெட் பேச ஆரம்பித்தது. அன்றைக்கே அவளுடைய குறைகளும் ஆரம்பித்துவிட்டன.

முதல் குறை, அதன் குரல். செய்தி வாசிக்கிற அம்மாள் மாதிரி இருந்தது. "உப்பு தீந்துபோச்சு" என்பதையும் "உங்க அக்கா வராங்க" என்பதையும் ஒரே மாதிரி சொன்னது. என் மனைவிக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல. கோபம் வந்தால் அவள் ஆச்சரியக்குறியை ஐந்தாறு தடவை அமுக்கிப் பார்ப்பாள். அம்மாள் அசைந்து கொடுக்கமாட்டாள். "கோவத்துக்கு ஒரு பட்டன் வேணும்" என்று அந்த அம்மாளின் குரலிலேயே, துளிக் கோபம் இல்லாமல், என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தலையணையை எடுத்து எறிந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த கோப பட்டன்.

ஈரக் கையால் தொட்டால் அதற்குப் பிடிக்காது. தோசை மாவு விரலில் இருந்தால் ஒன்று உணராது, இல்லையென்றால் தானே நாலு எழுத்தை அடித்துக்கொள்ளும். வாசலில் வெயிலில் உட்கார்ந்தால் திரை கறுத்துப்போய்க் கண்ணாடியாகிவிடும். எழுத்துக்குப் பதிலாகத் தன் கழுத்தில் கட்டியிருக்கிற துணிதான் தெரிகிறது என்றாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை தானாக அணைந்துவிடும். அதைத் தட்டி எழுப்புவதற்குள் எதிரில் நிற்கிறவர் "சரிக்கா, அப்பறம் வரேன்" என்று நகர்ந்துவிடுவார். அடுத்த சொல் இதுதானா என்று அது தானாக எடுத்துக்கொடுக்கிற சொற்களில் வாழ்த்துகளும் நன்றியும் மகிழ்ச்சியும்தான் வரும், ஒரு தரம்கூட 'ஐயோ' வராது. சத்தமோ மூன்றாவது வீட்டைத் தாண்டாது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை குழாயில் தண்ணீர் வந்தபோது, எழுதி அமுக்கி வாசலில் நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அந்தக் குரல் அவள் தலையைத் தாண்டிப் போகவில்லை. மறுநாள் கடைசி வீட்டுக்காரி வந்து, "இன்னா அண்ணி, நேத்து தண்ணி வந்துட்டு போயிடுச்சாமே? ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் அடித்துக்கொண்டு அங்கேயே அழுதாள். என் மனைவிதான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் செய்து பார்த்தேன். டேப்லெட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா வந்திருந்தது. அவள் கழுத்தில் எதை மாட்டுவது? சுரங்கத்தில் தலை விளக்கின் பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்று என்னிடம் பரணில் கிடந்தது. தடித்த தோல், பித்தளைக் கொக்கி. அதற்கு ஒரு உறை தைக்கச் சொல்லி, டேப்லெட்டை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு எழுதினாள்: "ஷிப்டுக்கு கிளம்பறேன்." அந்த அம்மாள் வாசித்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அவளுடைய சிரிப்பில் சத்தம் இல்லை, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று ஆடியது.

எல்லாவற்றையும் இப்படி வாயால், அதாவது அந்த அம்மாளின் வாயால், என்னிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி? "எழுதிக் குடும்மே, கம்பெனிக்கு அனுப்பலாம்" என்றேன். அது என் பழைய பழக்கம். சுரங்கத்தில் ஷிப்ட் முடியும்போது மணிக் கம்பி தொய்ந்திருக்கிறது, கதவுத் தாழ்ப்பாள் சிக்குகிறது என்று ஒவ்வொரு குறையையும் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுத வேண்டும். அடுத்த ஷிப்ட்காரன் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தாளுக்கு அடியில் கார்பன் வைத்து அழுத்தி எழுதுவோம். மேல் தாள் ஆபீசுக்குப் போகும், அடித்தாள் புத்தகத்தில் தங்கும். தாளின் பின்பக்கம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். அங்கே எழுதினால் கார்பன் மை ஏறி எதுவும் படிக்க வராது, ஃபோர்மன் கிழித்து முகத்தில் எறிவார். அத்தனை வருஷத்தில் ஒரு ரிப்போர்ட் தாளையும் நான் திருப்பிப் பார்த்ததில்லை. பிறகு லிஃப்ட் வேலையிலும் அதே மாதிரி புத்தகம்தான்.

என் மனைவி சுரங்கப் புத்தகத்தைக் கண்டவளல்ல. மகள் படித்த காலத்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தாள். தோன்றும்போதெல்லாம் ஒன்று சேர்ப்பாள். எழுதி முடித்து டேப்லெட் உறைக்குள் மடித்து வைத்துக்கொள்வாள். முதல் ஆறு குறைகளை மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டாள். உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது. "படிக்கறதுக்கு முன்னாலயே நன்றி சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

நாளாக ஆக அது மெதுவாகிப்போனது. எழுதி அமுக்கினால் யோசிக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் சண்டை போட்டு, நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போன பிறகு, வீட்டுக்குள் அது தனியாகப் பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே டேப்லெட்டையும் தாளையும் என் கையில் கொடுத்து, ராபர்ட்சன்பேட்டை கடையில் காட்டச் சொன்னாள். தாளை இரண்டு தரம் விரலால் தட்டிக் காட்டினாள். இதில் எழுதியிருக்கிறபடி கேளுங்கள் என்று அர்த்தம். சரி சரி என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் என்னைவிடப் பெரியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வேலை செய்கிறவர். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது உள்ள ஏகப்பட்டது சேந்துக்கினு இருக்குது. ரீசெட் அடிச்சா புதுசா வாங்கினாப்புல ஓடும். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் பூடும். எடுத்து வெக்க வேண்டியது இன்னாவாவது இருக்குதா?"

அவர் கேட்டார். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் பையிலிருந்து தாளை எடுத்து, கடை வெளிச்சத்தில் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுப்பாகப் படித்தேன். பதினோரு குறைகள். பதினோராவது, சார்ஜர் ஒயர் கட்டில் வரைக்கும் எட்டவில்லை என்பது. எடுத்து வைக்கச் சொல்லி எதுவும் இல்லை. போட்டோ எல்லாம் மகளின் போனில் இருக்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"ஒண்ணுமில்லண்ணா, அடிச்சுடுங்க" என்றேன்.

எல்லாம் அழிந்துவிடும், நிச்சயமா என்று திரையில் ஆங்கிலத்தில் கேட்டது. அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, "நீங்களே அமுக்குங்க" என்றார். நான்தான் அமுக்கினேன். இந்த விரலால்தான்.

இதெல்லாம் முடிந்து, அவள் போய்ச் சேர்ந்த பிறகு, கம்பெனியின் அந்தப் பக்கத்தில் நானே தட்டுத் தடுமாறி ஒரே ஒரு குறை எழுதிப் போட்டேன். இந்த மெஷின் மேலே நிற்கிறவனை மட்டும் கேட்டுவிட்டு அழிக்கிறது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூன்று மணி அடித்து, அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று எழுதினேன். அதற்கும் அரை நிமிஷத்தில் நன்றி வந்தது.

அன்றைக்குக் கடைக்காரர் பேசுகிற ஆப்பை மறுபடி போட்டுக் கொடுத்தார். தொட்டால் துள்ளியது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு வருகிறவன் மாதிரி. அவள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு சொல் எழுதி அமுக்கினாள். அமுக்கின கையோடு அந்த அம்மாள் "பறக்குது" என்றாள். என் மனைவி புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவள் எதையோ தேடினாள். விரல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தாள். பிரித்தாள். திருப்பினாள். என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

பன்னிரண்டாவது குறை பின்பக்கத்தில் இருந்தது.

"இது கம்பெனிக்கு இல்ல, உங்களுக்கு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுல நான் பேசினதை இதுல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். இதுவரைக்கும் நான் கேக்கல. தைரியம் வரல. அதை ஒரு பட்டன்ல வெச்சு, அமுக்கினா என் குரல்லயே பேசற மாதிரி பண்ண முடியுமான்னு கடையில கேளுங்க. எதையும் அழிக்க விடாதீங்க."

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கத்தினேன். "பின்னாடி யாராவது எழுதுவாங்களாம்மே? முன்னாடியே எழுதக் கூடாதா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று தெரு கேட்கக் கத்தினேன். வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். அவள் கக்கத்தில் புதுசு மாதிரி பறக்கிற டேப்லெட் இருந்தது. அவள் தாளை என் கையில் வைத்துவிட்டு மிளகாய்ப் பக்கம் திரும்பிப் போனாள்.

அப்படியே கடைக்கு ஓடினேன். பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தாளின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, அழித்ததை மீட்கத் தன்னிடம் வழியில்லை என்று கையை விரித்தார். பெங்களூரில் பெரிய கடைகளுக்குப் போனேன். நெட்டில் வேறெங்காவது தானாகச் சேமித்திருக்குமே, பார்த்தீர்களா என்றார்கள். சேமித்திருக்கும். டேட்டா வீணாகப் போகிறதே என்று அதை நான்தான் வாங்கிய அன்றைக்கே அணைத்து வைத்திருந்தேன். வேறு எங்கே அவள் குரல் இருக்கிறது என்று மகள் தன் போன் முழுக்கத் தேடினாள். அம்மா போனில் குரல் பதிந்து அனுப்பியதே இல்லை, கூப்பிட்டுத்தான் பேசுவாள். மகளின் வளைகாப்பு வீடியோ ஒன்று இருந்தது. அதில் என் மனைவி வருகிறவர்களையெல்லாம் வாய் நிறையக் கூப்பிடுகிறாள். வீடியோ எடுத்தவர் மேலே பாட்டைப் போட்டு மூடியிருந்தார். வாய் அசைவது மட்டும் தெரிகிறது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நான்கு நாள் கழித்து நானே போய்க் காலடியில் உட்கார்ந்து, "ஏதாவது சொல்லும்மே" என்றேன். "விடுங்க" என்று எழுதினாள். பால் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்கிற அதே குரலில் அந்த அம்மாள் "விடுங்க" என்றாள். கோபத்துக்கு ஒரு பட்டன் இல்லையே என்று அன்றைக்கு எனக்கும் இருந்தது. அவள் கோபமாகச் சொன்னாளா, மன்னித்துச் சொன்னாளா, சலித்துப்போய்ச் சொன்னாளா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

அதில் என்ன பேசியிருந்தாய் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு மாதக்கணக்கில் வரவில்லை. அதற்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். சார்ஜர் ஒயர் எட்டவில்லை என்ற பதினோராவது குறைக்காகக் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டேன். அந்த ஒன்றைத்தான் நான் ஒழுங்காகத் தீர்த்து வைத்தேன்.

ஒரு மத்தியானம், அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக இருந்த நேரத்தில், கேட்டுவிட்டேன். "அன்னைக்கு இன்னா பேசி வெச்சிருந்தே?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். பிறகு டேப்லெட்டைக் கேட்டுக் கை நீட்டினாள். ஒற்றை விரலால் வெகு நேரம் எழுதினாள், நடுவில் இரண்டு தடவை ஓய்வெடுத்தாள், எழுதியதைப் படித்துப் பார்த்துத் திருத்தினாள். அமுக்கினாள். செய்தி வாசிக்கிற அம்மாள் வாசித்தாள்.

"மொதல்ல தண்ணி வந்துச்சு தண்ணி வந்துச்சுன்னு கத்தினேன். பக்கத்து பெட்காரம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. அப்பறம் ஏங்க எழுந்திருங்க ரயிலு பூடும்னு சொன்னேன். அதை மூணு தடவ சொன்னேன். நீங்க மூணாவதுக்குத்தான எழுந்திருப்பீங்க. அப்பறம் பாப்பாவ பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசில சிரிச்சேன். அதை எப்படி எழுதறதுன்னு தெரியல."

"எதுக்கு சிரிச்சே?"

மறுபடி எழுதினாள். இந்தத் தடவை கொஞ்சம்தான்.

"நீங்க டீயோட உள்ள வந்தீங்க. ஒரு கால்ல உங்க செருப்பு. இன்னொரு கால்ல யார்துதோ."

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போடச் சொல்வார்கள். டீக்கு அவசரமாகப் போனபோது யாருடையதையோ ஒன்றை மாட்டிக்கொண்டு போய், கழற்ற மறந்து அப்படியே கட்டில் வரை வந்திருக்கிறேன். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளியது, வாயைப் பொத்திய கை, அதில் ஊசிக்காக ஒட்டியிருந்த பிளாஸ்திரி, தோள் குலுங்கியது, எல்லாம் நினைவிருக்கிறது. அவள் சிரித்தபோது நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன், என் இரண்டு காதும் நன்றாகத்தான் இருந்தன. அந்தச் சத்தம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது.